தீபத்தன்று மாடிக்குப் போகும் வழி

1997 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். ஐந்தரைக்கு முனிசிபல் தண்ணீர் வந்தது. இரண்டு டிரம்மும் நிறைய ஆறு ஐந்து ஆனது. சைக்கிளைத் துடைத்துச் செயினுக்கு எண்ணெய் விட்டேன். வாரத்துக்கு வேண்டிய ஐந்து சட்டைகளுக்கும் இஸ்திரி போட்டேன். எட்டேகாலுக்கு இட்லி, நான்கு. ஒன்பது மணிக்கு மேஜை முன் உட்கார்ந்து, ஸ்கேலும் இரண்டு நிறப் பேனாவும் எடுத்துவைத்துக்கொண்டு, தீபத்தன்று எங்கள் மொட்டை மாடிக்கு வருகிறவர்களின் லிஸ்ட்டை எழுத ஆரம்பித்தேன். அந்த வருஷம் தீபம் வெள்ளிக்கிழமை. இன்னும் ஐந்து நாள் இருந்தது.

இந்த லிஸ்ட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீடு தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது. மாடியில் நின்றால் கோபுரமும் அதற்குப் பின்னால் மலையும் மறைவில்லாமல் தெரியும். கோயில் மேளச் சத்தமும் மலை உச்சியில் சுடர் எழும்புவதும் ஒரே நேரத்தில் கிடைக்கிற மாடி, சந்தில் எங்களுடையது மட்டும்தான். அதனால் தீபத்தன்று உறவு ஜனமெல்லாம் எங்கள் வீட்டில்தான். உத்திரம் போட்ட பழைய தளம். நாற்பத்தைந்து பேருக்கு மேல் ஏற்றக் கூடாது என்று கொத்தனார் அப்பாவிடம் சொல்லியிருந்தார். அப்பா அதற்காகவே லிஸ்ட் போடுவார். அவருக்குப் பிறகு 1989 முதல் நான்.

லிஸ்ட்டில் இரண்டு பத்தி. இடது பக்கம் 'உள் படி'. வலது பக்கம் 'ஏணி'. வீட்டுக்குள் ஹால், சாமி மாடம், சமையலறை தாண்டிப் போகிற படிக்கட்டு ஒன்று. பின் சந்திலிருந்து நேராக மாடிக்கு ஏறும் பதினேழு படி இரும்பு ஏணி ஒன்று. உறவுக்காரர்கள், தெருவில் எங்களுக்குச் சமமென்று வைத்திருந்தவர்கள் உள் படியில் ஏறுவார்கள். துணி துவைத்துக் கொடுப்பவர், சாக்கடை சுத்தம் செய்பவர், கிராமத்து நிலத்தில் வேலை செய்யும் காலனிக் குடும்பம், இவர்கள் ஏணியில். கூட்டம் ஒரே படியில் நெருக்கக் கூடாதென்றுதான் இந்த ஏற்பாடு என்று நான் நம்பியிருந்தேன். யாராவது கேட்டிருந்தால் அப்படித்தான் பதிலும் சொல்லியிருப்பேன். யாரும் கேட்டதில்லை.

1996-ல் லிஸ்ட்டில் இரண்டு பெயர் புதிதாகச் சேர்ந்தது. ஆபீஸில் எனக்கு அடுத்த மேஜைக்காரர், அவர் மனைவி. அவரும் நானும் ஏழு வருஷமாக ஒரே செக்ஷன். பத்து நாற்பதுக்கு ஒன்றாக டீ குடிக்கப் போவோம். ஒரு கணக்குப் புதிரை ஒருவர் போட, மற்றவர் மாலைக்குள் விடை சொல்ல வேண்டும் என்று ஒரு பழக்கம். அவர் மனைவி அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. "கிட்டக்க நின்னு ஒரு தடவை பார்க்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்கா சார்," என்று அவர் ஒருநாள் சொன்னார். "நம்ம வீட்டு மாடிக்கு வாங்க, லிஸ்ட்ல உங்க பேரை ஏத்திடறேன்," என்றேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன். சந்தோஷமாகத்தான் எழுதினேன். ஊழியர்களின் பணிப் பதிவேடு என் பொறுப்பு. யார் என்ன சாதி என்பது எனக்குத் தலைகீழ் பாடம். என் பேனா யோசிக்காமலே வலது பத்திக்குப் போயிற்று.

தீபத்தன்று வாசலில் லிஸ்ட்டோடு நின்றவர் அக்காவின் வீட்டுக்காரர். நான் மாடியில் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். மாமா அவர்களிடம் மரியாதையாகவே சொல்லியிருக்கிறார்: "ஏணின்னு போட்டிருக்குங்க. பின்னால சந்து வழியா போயிடுங்க." லிஸ்ட்டை நீட்டிக் காட்டவும் செய்திருக்கிறார். என் கையெழுத்து தூரத்திலிருந்தே படிக்கும்படி இருக்கும்.

ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தேன். இருவரும் கீழே நின்றிருந்தார்கள். அந்தப் பெண் ஏணியில் ஒரு கையை வைத்திருந்தாள், ஏறவில்லை. அவர் அவளை விட்டு வரவில்லை. "மேல வாங்க சார்!" என்று கத்தினேன். "இருக்கட்டும் சார், நாங்க இங்கயே இருக்கோம்," என்றார். அதற்குள் அரோகரா சத்தம் எழுந்தது. நான் மலைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தச் சந்தில் நின்றால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். பிறகு இறங்கிப்போய்ப் பொரி உருண்டைப் பொட்டலம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஆபீஸில் மறுநாள் வழக்கம்போல வணக்கம் சொன்னார். டீ குடிக்கவும் வந்தார். கணக்குப் புதிர் மட்டும் நின்றுபோனது. நான் ஒன்று போட்டால், "வேலை ஜாஸ்தி சார், அப்புறம் பார்க்கலாம்," என்பார். ஜனவரியில் பெண் குழந்தை பிறந்தது. எனக்கு மற்றவர்களோடு சேர்த்துத்தான் மிட்டாய் கொடுத்தார்.

நான் யோசித்துப் பார்த்துக் கண்டுபிடித்த காரணம் இது: ஏணி செங்குத்தாக இருக்கிறது. கர்ப்பிணிக்கு அது ஆபத்து. அந்த வருத்தம்தான் அவருக்கு. ஆகவே அடுத்த தீபத்துக்கு முன் ஏணியைச் சரிசெய்வது என்று முடிவெடுத்தேன். வெல்டிங் பட்டறைக்காரரை வரவழைத்துச் சாய்வைக் கூட்டினேன். இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தேன். படிக்குப் படி ரப்பர் பட்டை ஒட்டினேன். டிசம்பர் 6, சனிக்கிழமை மாலை வேலை முடிந்தது. மறுநாள் ஞாயிறு லிஸ்ட்டை எழுதி, வலது பத்தியில் அவர்கள் மூவரையும் சேர்த்துவிட்டு, பதினொரு மணிக்கு வேங்கிக்காலில் புதுக் குடியிருப்பில் இருந்த அவர் வீட்டுக்கு சைக்கிளில் கிளம்பினேன். போகும்போது மனம் நிறைவாக இருந்தது. இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

அவர் மனைவி மோர் கொடுத்தாள். குழந்தை என் சட்டைப் பேனாவைப் பிடுங்கப் பார்த்தது. நான் ஏணியின் சாய்வு, கைப்பிடி, ரப்பர் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார்.

"கைப்பிடி நல்லாத்தான் இருக்கும் சார். நீங்க செஞ்சா பக்காவாதான் செய்வீங்க," என்றார். "ஒண்ணு கேக்கட்டுமா? உங்க அக்கா அதுல ஏறுவாங்களா?"

எனக்கு உடனே விளங்கவில்லை. "அக்கா எதுக்கு ஏணில ஏறணும்? அவங்க உள்..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன்.

அவர் மனைவி பேசினாள். "போன வருஷம் நானும் விரதம் இருந்தேங்க. தீபம் பார்க்காம சாப்பிடக் கூடாதே. உங்க சந்துல தெரியல. கூட்டத்துல மெதுவா நடந்து பெரிய ரோட்டுக்கு வந்து பார்க்க ஏழரை ஆயிடுச்சு. அப்புறம்தான் சாப்பிட்டேன்." குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். பிறகு, "இந்தத் தடவ அவர் வருவாருங்க. நான் இங்கயே ரோட்ல நின்னு பார்த்துக்கறேன்," என்றாள்.

வீட்டுக்குத் திரும்பியதும் 1996 டைரியை எடுத்துத் தீபத்தன்று எழுதிய பக்கத்தைப் பார்த்தேன். 'மாடியில் 41 பேர். அதில் ஏணி வழி 9. மழை இல்லை. வராதவர்கள் 2.' வந்து, சந்தில் நின்று, பட்டினியோடு திரும்பிப் போனவர்களை நான் வராதவர்கள் என்று எழுதியிருந்தேன். அத்தனை வருஷ டைரியில் தேதியோ கணக்கோ தப்பாக எழுதியதில்லை என்று எனக்கொரு கர்வம் இருந்தது.

என் மனைவியிடம் பக்கத்தைக் காட்டினேன். அவள் படித்துவிட்டு, "எனக்கு அன்னிக்கே தெரியுங்க. நான் மேல இருந்து பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன். கற்பூரம் ஏத்தக் கை வரல," என்றாள்.

"ஏன் அப்பவே சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? ஏணிக்குக் கைப்பிடி போட்டிருப்பீங்க."

அவள் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது, கொஞ்ச நேரம் கழித்து. அன்று எழுதிய லிஸ்ட்டைக் கிழித்தேன்.

அக்கா திங்கட்கிழமை காலை கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்து இறங்கினாள். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். எங்கள் வீட்டுத் தீபத்துக்கு அவள்தான் எல்லாம். தீபத்தன்று முழுக்கப் பட்டினி கிடந்து, சுடரைப் பார்த்த பிறகுதான் வாயில் தண்ணீர் விடுவாள். அவள் காபி குடித்து முடித்ததும் சொன்னேன்: இந்த வருஷம் எல்லோரும் வாசல் வழியாக வந்து உள் படியில்தான் ஏறுவார்கள்.

"யாரைக் கேட்டு மாத்தின?"

"லிஸ்ட்டை நான்தானேக்கா எழுதறேன்."

"எழுதறது நீ. வீடு அப்பாவுது. சாமி மாடத்தைத் தாண்டித்தானே போவணும்? ஆபீஸ்ல கூட உக்காந்தா டீ குடி, வேணாங்கல. அதை இங்க இழுத்துக்கிட்டு வராத."

என் மனைவி முன்னால் வந்தாள். "அண்ணி, போன வருஷம் நீங்களும் விரதம், அந்தப் பொண்ணும் விரதம். அது வயித்துப் புள்ளையோட கீழ நின்னு, தீபம் பார்க்காம போச்சு. நீங்க ஆறு அஞ்சுக்குச் சாப்டீங்க. அது ஏழரைக்கு மேல சாப்பிட்டிருக்கு."

அக்கா காபி டம்ளரைத் தள்ளிவைத்தாள். பிறகு, "நானா நிக்கச் சொன்னேன்?" என்றாள்.

"இல்லக்கா. நான்தான் நிக்க வச்சேன்," என்றேன்.

"அப்ப நீயே அனுபவி. அவங்க அந்த வழியா போவட்டும். நான் ஏணில ஏறிக்கறேன். புதுசா கைப்பிடி வேற போட்டு வச்சிருக்கியாமே, எனக்குன்னுதான் போட்டிருக்க." பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் தேவைக்கு மட்டும்தான் என்னோடு பேசினாள்.

அன்று டீக்கடையில் அவரிடம், "லிஸ்ட்டே கிடையாது சார் இந்த வருஷம். எல்லாரும் வாசல் வழியாத்தான். மூணு பேரும் வாங்க," என்றேன்.

"உங்க அக்கா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

மறைக்க எனக்கு வரவில்லை. "அவங்க ஏணில ஏறிக்கறாங்களாம்."

டீ புரையேறும்படி சிரித்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப கண்டிப்பா வரணும் சார். இதைப் பார்க்காம விடலாமா?" என்றார். பிறகு சிரிப்பு போய், "அவகிட்ட கேட்டுத்தான் சொல்லணும். அவ முடிவு," என்றார்.

வியாழக்கிழமை வரை பதில் இல்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்கும் உரிமை எனக்கில்லை என்று பட்டது.

வெள்ளிக்கிழமை நான்கரைக்கே வாசலில் போய் நின்றேன், மாமாவுக்குப் பதிலாக. லிஸ்ட் இல்லாமல் கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கின. எண்ணிக்கை மட்டும் மனதில் வைத்துக்கொண்டேன். துணி துவைப்பவர் பழக்கத்தில் பின் சந்துக்குத் திரும்பினார். கூப்பிட்டு உள்ளே போகச் சொன்னேன். "நல்லா யோசிச்சுச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினார். ஐந்து மணிக்குக் காலனிக் குடும்பத்தார் நால்வர் வந்தார்கள். உறவில் இரண்டு பேர் வாசல்வரை வந்து, விஷயம் தெரிந்து, வேறு மாடிக்குப் போய்விட்டார்கள். தடுக்கவில்லை.

ஐந்து இருபதுக்கு அவர்கள் மூவரும் வந்தார்கள். அந்தப் பெண் வாசற்படிக்கு வெளியே ஒரு கணம் நின்றாள். என் மனைவி உள்ளிருந்து வந்து குழந்தைக்குக் கையை நீட்டினாள். குழந்தை தாவி வந்துவிட்டது. பிறகு அந்தப் பெண் ஹால் வழியாக, சாமி மாடத்தைத் தாண்டி, அங்கே நின்று கும்பிட்டுவிட்டு, படியேறினாள்.

அக்கா சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினாள். ஐந்தே முக்காலுக்குப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின் சந்துக்குப் போய் ஏணியில் ஏற ஆரம்பித்தாள். நாங்கள் யாரும் அவள் நிஜமாகவே ஏறுவாள் என்று நினைக்கவில்லை. மாமா கீழே நின்று, "ஏய், இறங்குடி, வயசென்ன உனக்கு," என்று கெஞ்சினார். எட்டுப் படி வரை நன்றாகவே வந்தாள். ஒன்பதாவதில் நின்றுவிட்டாள். காலை முதல் பட்டினி. மேலேயும் வர முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை.

"அக்கா, கீழ பார்க்காத!" என்று மேலிருந்து கத்தினேன்.

"பார்க்கலடா! நீ வாயை மூடு!"

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருவதற்குள், சுவர் ஓரமாக நின்றிருந்த அந்தப் பெண் குனிந்து ஏணியின் மேல் படிகளில் இரண்டு இறங்கிவிட்டாள். ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டினாள். "பயப்படாதீங்கம்மா. நானும் விரதம்தான், எனக்கும் தலை சுத்துது. ஒவ்வொரு படியா வரலாம்," என்றாள்.

அக்கா அந்தக் கையைப் பார்த்தாள். நேரம் ஐந்து ஐம்பத்திரண்டு. பிடித்துக்கொண்டாள். எட்டுப் படிக்கும் விடவில்லை.

மேலே வந்ததும் மூச்சு வாங்க, "இந்த ஏணில மனுஷன் ஏறுவானா?" என்று என்னைப் பார்த்துக் கோபமாகக் கேட்டாள். நாற்பத்து மூன்று பேருக்கும் கேட்டது. துணி துவைப்பவர், "நாங்க இருபது வருஷமா ஏறினோம்மா," என்றார். சிலர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மறுகோடிக்குப் போய் நின்றாள்.

ஆறு மணிக்குச் சுடர் எழுந்தது. குழந்தை சத்தத்துக்குப் பயந்து அழுதது. அதன் தாய் இரண்டு கையும் தலைக்குமேல் தூக்கி, கண்ணை மூடாமல் மலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அந்த வருஷம் மலையைக் கொஞ்சம் கம்மியாகத்தான் பார்த்தேன்.

அக்கா மனம் மாறிவிட்டாள் என்று எழுதினால் அது பொய். சாப்பிடும்போது தன் இலையைத் தள்ளித்தான் போட்டுக்கொண்டாள். ஆனால் கை கழுவும்போது என்னிடம், "அந்த ஏணியைக் கழட்டிடு. யாராவது விழுந்து தொலைச்சா யாரு பதில் சொல்றது," என்றாள். காரணம் எதுவாக இருந்தாலும் எனக்குப் போதும் என்று இருந்தது. ஏணியைக் கழற்றினேன். அடுத்து வந்த வருஷங்களில் அந்த வழியை மறுபடி திறக்க யாரும் கேட்கவில்லை. அக்காவும் ஒரு தீபம்கூடத் தவறவிடவில்லை. ஏணியைக் கழற்றச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்காக அவளுக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன். சிரித்துக்கொண்டே என்னைத் திருத்திய என் மனைவிக்கும், வராமல் இருக்க எல்லா நியாயமும் இருந்தும் வந்த அந்த மூவருக்கும் பட்டிருப்பது அதைவிடப் பெரிது. அவர்கள் என்னை மன்னித்தார்களா என்று நான் கேட்டதில்லை. தீபம் முடிந்த திங்கட்கிழமை டீக்கடையில் அவர் ஒரு கணக்குப் புதிர் போட்டார். எனக்கு மாலைவரை விடை வரவில்லை.

தீபத்தன்று இரவு ஏழு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. பஸ் எல்லாம் ஊருக்கு வெளியே நின்றது. ஆட்டோ சந்துக்குள் வரவில்லை. கைக்குழந்தையோடு வேங்கிக்கால்வரை நனைந்துகொண்டு நடப்பதா என்று என் மனைவி அவர்களை நிறுத்திவிட்டாள். ஹாலில் உறவுக்காரர்களோடு பாய் விரித்துப் படுத்தார்கள். அக்கா சமையலறையில் படுத்தாள்.

மறுநாள் காலை நான்கு ஐம்பதுக்குக் குழந்தை அழுகிற சத்தம் கேட்டு எழுந்தேன். முதல் வேலையாகத் தூக்கை எடுத்துக்கொண்டு மாட்டுக்காரர் வீட்டுக்குப் போய் இரண்டரை லிட்டர் பால் வாங்கி வந்தேன். அக்கா குளித்துவிட்டு அடுப்படியில் நின்றிருந்தாள். தூக்கை வாங்கி, அதிலிருந்து ஒரு டம்ளர் அளவு சின்னப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தாள். "காபிக்கு அவசரப்படாதே. முதல்ல குழந்தைக்கு ஆவட்டும்," என்றாள்.